இருபது நிமிஷத் துகில்

அடி அண்ணாமலையில் அப்பாதுரை வீட்டுக்குக் கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிற வெளியூர்க்காரர்கள்கூட, "துச்சாதனன் வூடு எதுங்க?" என்றுதான் விசாரிப்பார்கள். அதற்கு அவனுக்குக் கோபம் வராது. மீசையைத் தடவிக்கொண்டு, "நான்தான், வாங்க" என்பான். ஆறடி ஆள். மல்லாட்டைக் கொல்லையில் நிலக்கடலைக்குக் களை கொத்துகிற நாளெல்லாம் இருக்கிற இடம் தெரியாது. பங்குனி பிறந்து, பாரதக் கூத்து தொடங்கி, முகத்தில் சிவப்பு அரிதாரம் ஏறிவிட்டதோ, ஊர்ப் பெண்கள் மண்ணை வாரி அவன்மேல் தூற்றுவார்கள். "நாசமாப் போவடா பாவி" என்று சாபம் விடுவார்கள். விடிந்ததும் அதே பெண்கள் கிணற்றடியில் அவன் பெண்சாதி ஆதிலட்சுமியிடம், "உன் வூட்டுக்காரு கொன்னுட்டாருடி" என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்குவார்கள். ஒரு கூத்தாடிக்கு இதற்கு மேல் என்ன பட்டம் வேண்டும்?

அவன் இழுக்கிற சேலைக்குள்ளே இருந்தது யார் என்கிறீர்கள்? ஆதிலட்சுமியின் கூடப்பிறந்த தம்பி சுப்பன். மச்சான் துரோபதை, மாமன் துச்சாதனன். இதை வைத்து ஊர் சும்மா இருக்குமா? "அக்காளக் கட்டினது போதாதுன்னு தம்பி சேலையையும் வுட மாட்டேங்கறான் பாரு" என்று கேலி பேசுவார்கள். சுப்பன் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பான். ஒடிசலான உடம்பு, அதிர்ந்து பேசத் தெரியாது. பதினாறு வருஷமாகத் துரோபதை. சபையில் நின்று அவன் நியாயம் கேட்டுப் பாடினான் என்றால், சாராயம் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தவனும் மூக்கைச் சிந்துவான்.

அந்தத் துகில் கூத்தில் ஒரு வழக்கம் உண்டு. துச்சாதனன் பாட்டுக்கு நேரே போய்ச் சேலையில் கை வைத்துவிட முடியாது. மேளம் நிற்கும். துச்சாதனன் கிரீடத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, துரோபதை காலடியில் கற்பூரம் கொளுத்தி, நெடுஞ்சாண்கிடையாக விழுவான். "தாயே, வவுத்துப் பொழப்புக்கு வேஷம் கட்டிக்கினு வந்துட்டேன். உன் சேலையத் தொடப் போறேன். குத்தம் கொற பாக்காத. என் புள்ள குட்டியக் காப்பாத்து" என்று மன்னிப்புக் கேட்பான். பார்க்கிற ஜனம் மொத்தமும் எழுந்து நின்று கும்பிடும். அவள் அவன் நெற்றியில் திருநீறு பூசின பிறகுதான் மேளம் மறுபடி பேசும்.

சாமி காரியம். ஆனால் அதற்குள் இன்னொரு காரியமும் நடந்தது. அது ஜமாக்காரர்களுக்கு மட்டும்தான் தெரியும். கூத்துக் குழுவை எங்கள் பக்கத்தில் ஜமா என்போம். கற்பூரம் எரிகிற அந்த நேரத்தில், கண்ணை மூடிக் கும்பிடுகிற பாவனையில், சுப்பன் மேலே சுற்றியிருக்கும் ஆறு சேலைகளின் முடிச்சைத் தளர்த்திவிட்டு, அடியில் இருக்கிற ஏழாவது சேலையை இடுப்பில் இறுக்கி முடிச்சுப் போடுவான். முன்கூட்டியே இறுக்கிவிட்டால் ஆட முடியாது, மூச்சு முட்டும். அந்த முடிச்சு விழுந்த பிறகு எவ்வளவு இழுத்தாலும் ஆறோடு நிற்கும். விழாமல் இழுத்தால் எல்லாமே கையோடு வந்துவிடும். பதினாறு வருஷத்தில் ஒரு தடவைகூட அப்படி வந்ததில்லை.

இப்படிப்பட்ட ஜமாவுக்குச் சொந்தமாக ஒரு கிரீடம் கிடையாது என்பதுதான் வேடிக்கை. கிரீடம், புஜத்தில் கட்டுகிற புஜகீர்த்தி, மார்ப் பதக்கம் எல்லாம் செங்கம் பக்கத்து ஜமா ஒன்றிடம் இரவல். அவர்களுக்குக் கூத்து இல்லாத நாளில்தான் இவர்களுக்குக் கூத்து. எழுபத்தாறாம் வருஷம் ஒரு ஊரில் பாதிக் கூத்து நடக்கும்போது அந்த ஜமாக்காரன் சைக்கிளில் வந்து இறங்கினான். "நாளைக்கு எங்களுக்கு ஆட்டம் கீது" என்று சொல்லி, துரியோதனன் தலையிலிருந்தே கிரீடத்தைக் கழற்றிக்கொண்டு போய்விட்டான். மொட்டைத் தலையோடு துரியோதனன் சூதாடினான். ஜனம் சிரித்த சிரிப்பில் அப்பாதுரைக்கு உடம்பெல்லாம் கூசியது. 'சொந்தமாக ஒரு கிரீடம் வாங்காமல் விடுவதில்லை' என்று அன்றைக்கே மனசுக்குள் முடிவு செய்தான்.

மறு வருஷம் ஜினதாசன் வாத்தியார் ஒரு செய்தித்தாளோடு வந்தார். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறவர், ஜைனர். ஜைனர்களை எங்கள் பக்கத்தில் நயினார் என்போம், அதனால் நயினார் வாத்தியார் என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, முதல் ஆளாக வந்து பாயைப் போட்டு, விடிகிற வரைக்கும் கூத்துப் பார்க்கிற பைத்தியம். சென்னையில் ஏதோ ஒரு மன்றம், ஊர்ப்புறத்துக் கலைக் குழுக்களுக்கு வேஷச் சாமான் வாங்க உதவித்தொகை தரப்போகிறது, திருவண்ணாமலையிலேயே ஆட்களைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்றார்.

"நம்ம ஜமாவுக்குக் கெடைக்குங்களா வாத்தியாரே?"

"சுப்பன் அழறதப் பாத்துட்டு எவன்பா இல்லேன்னுவான்?" என்றார் வாத்தியார். மனுவையும் அவரே எழுதிப் போட்டார்.

ஆவணி மாசத்தில் ஒரு வியாழக்கிழமை காலை. தேரடிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். பதினோரு குழுக்கள் வந்திருந்தன. பம்பைக்காரர்கள், சிலம்புக்காரர்கள், பறைக்காரர்கள், ஜவ்வாது மலையிலிருந்து மேளத்தோடு எட்டுப் பேர் என்று மண்டபத்தில் கால் வைக்க இடமில்லை. மேடைக்கு எதிரே ஒரு மேஜை. அதன் பின்னால் சென்னை அதிகாரி ஒருவர், சங்கீதம் தெரிந்த ஒரு பெரியவர், கதர்ச்சேலை கட்டிய ஒரு அம்மா. அதிகாரி தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்திருந்தார். ஒரு குழுவுக்கு இருபது நிமிஷம் என்று அறிவித்தார்.

மலைக்காரர்கள் முறை வந்தது. மேளத்தை வைத்துவிட்டு அவர்களில் மூத்தவர் ஏதோ வேண்டிக்கொள்ள ஆரம்பித்தார். முடிகிற வழியாக இல்லை. "அதெல்லாம் வேண்டாம், ஆட்டத்தை ஆரம்பிங்க" என்றார் அதிகாரி. "சாமிய அழைக்காம இத்த அடிக்க மாட்டோம் சார்" என்றார் மூத்தவர். "அப்ப அடுத்த குழு." அவ்வளவுதான். எட்டுப் பேரும் முகத்தில் ஒரு வருத்தமும் காட்டாமல் மேளத்தைத் துணியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்கள்.

"பொழைக்கத் தெரியாத ஜனம்" என்றான் அப்பாதுரை, வாசல் ஓரம் வேஷத்தோடு நின்றபடி. "அம்மாந் தூரம் நடந்து வந்துட்டு வெறுங்கையோட போவுது பாரு."

"அவங்க சாமி, அவங்க மோளம். நமக்கின்னா மாமா?" என்றான் சுப்பன். அவன் அப்போது தலைமுடி வைத்து, பொட்டு வைத்து, துரோபதையாகவே ஆகியிருந்தான்.

இவர்கள் முறை வந்தது. பாட்டும் விருத்தமும் முடிந்து, துரோபதையை இழுத்து வந்து சபையில் நிறுத்துகிறவரை எல்லாம் ஒழுங்காகவே போயிற்று. மேளம் நின்றது. அப்பாதுரை இரவல் கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டு, மடியிலிருந்து கற்பூரத்தை எடுத்தான். உடனே மண்டபத்துக் கணக்குப்பிள்ளை அலறிக்கொண்டு ஓடி வந்தார். "யோவ், ஜமக்காளம் புதுசுய்யா! நெருப்பு கிருப்பு வெச்சுடாத!"

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். "பூஜையெல்லாம் எதுக்குப்பா? பதினைஞ்சு நிமிஷம் போயிடுச்சு. சேலை இழுக்கிற கட்டத்துக்கு நேரா வா."

அப்பாதுரை ஒரு கணம் நின்றான். 'கொஞ்சம் பொறுங்க சார்' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? கற்பூரம் இல்லாவிட்டால் போகிறது, வெறும் தரையில் விழுந்து கும்பிட எவ்வளவு நேரம் ஆகும்? அதெல்லாம் பிற்பாடு, வருஷக்கணக்காக அவன் தனக்குத்தானே கேட்டுக்கொண்ட கேள்வி. அந்த நேரத்தில் அவன் கண்ணுக்குத் தெரிந்தது கிரீடம் ஒன்றுதான். கண்ணாடிக் கல் பதித்து, தங்க ஜிகினா ஒட்டிய சொந்தக் கிரீடம். இன்னும் ஐந்து நிமிஷம் தாண்டினால் கைக்கு வந்துவிடும். கற்பூரத்தை மடியில் திருப்பிச் செருகினான். மேளக்காரனுக்குச் சைகை காட்டினான். முந்தானையைப் பிடித்தான்.

"மாமா, இரு" என்றது துரோபதையின் குரல் இல்லை, சுப்பனின் குரல். உதடு அசையாமல் சொன்னான். "இரு மாமா. இன்னும் முடிச்சு போடல."

மேளச் சத்தத்தில் கேட்கவில்லை என்று பின்னால் எத்தனையோ பேரிடம் அப்பாதுரை சொன்னான். பச்சைப் பொய். கேட்டது. நன்றாகவே கேட்டது. 'கைதேர்ந்தவன், எப்படியாவது சமாளிச்சுக்குவான்' என்று நினைத்துக்கொண்டு இழுத்தான்.

ஒரு சுற்று, இரண்டு சுற்று. மூன்றாவது சுற்றில் ஏழும் ஒன்றாக வந்துவிட்டது. சுப்பன் பம்பரம் மாதிரி சுழன்று நின்றான். முழங்கால் வரை தொங்குகிற, பின்பக்கம் ஒட்டுப்போட்ட காக்கி நிக்கர். ரவிக்கைக்குள் வைத்திருந்த துணிப் பொட்டலம் இரண்டும் நழுவி ஜமக்காளத்தில் விழுந்து உருண்டன. தலைமுடி ஒரு பக்கம் சாய்ந்தது. அவன் இரண்டு கையையும் மார்பின்மேல் குறுக்கே போட்டு உடம்பைக் குறுக்கிக்கொண்டான். நடிப்பில்லை அது. நாற்பத்தைந்து வயசு ஆம்பிளைதான், மார்பில் மறைக்க ஒன்றுமில்லைதான். இருந்தாலும் மறைத்தான்.

முதலில் அதிகாரிதான் சிரித்தார். அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அப்புறம் மண்டபமே சிரித்தது. சபையில் பீஷ்மர் உட்கார்ந்திருந்தார், துரோணர் உட்கார்ந்திருந்தார், தருமரும் தம்பிமாரும் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் அடி அண்ணாமலைக்காரர்கள், சுப்பனோடு ஒரே தட்டில் தின்றவர்கள். ஒருத்தன் எழுந்திருக்க வேண்டுமே! ஊஹூம். கூத்தில் எப்படி உட்காருவார்களோ அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். கண்ணன் வரவில்லை, நயினார் வாத்தியார்தான் வந்தார். கடைசி வரிசையிலிருந்து ஓடி வந்து, செருப்புக் காலோடு மேடையேறி, தன் மேல்துண்டை எடுத்துச் சுப்பன் தோளைச் சுற்றிப் போர்த்திக் கீழே கூட்டிக்கொண்டு போனார்.

"பிரமாதம்ப்பா! ஹாஸ்யமும் கலந்து பண்றீங்க. ரொம்ப இயற்கையா இருந்தது" என்று சொல்லி அதிகாரி எழுந்து வந்து அப்பாதுரையின் கையைக் குலுக்கினார்.

அப்பாதுரை ஒரு கையில் ஏழு சேலையையும் அள்ளிப் பிடித்துக்கொண்டு, மறு கையைக் கொடுத்தான். கொடுத்ததோடு விட்டானா? பல்லெல்லாம் தெரிய இளித்தான். அந்த நேரம் பார்த்துத்தான் சுப்பன் வாசலில் நின்று திரும்பிப் பார்த்தான்.

உதவித்தொகை கிடைத்துவிட்டது. மூன்றே குழுக்களுக்குக் கொடுத்தார்கள், அதில் இவர்கள் ஒன்று. ஜமாக்காரர்கள் பஸ் ஏறினார்கள். சுப்பன் ஏறவில்லை. மலையைச் சுற்றி நடந்தே ஊருக்கு வந்தான். அவன் வருவதற்கு முன்னாலேயே சங்கதி டீக்கடைக்கு வந்து உட்கார்ந்துகொண்டிருந்தது. கெட்ட செய்திக்குப் பஸ்ஸா வேண்டும்?

வீட்டில் ஆதிலட்சுமி சோறு போட்டாள். குழம்பும் ஊற்றினாள். பிறகு கேட்டாள். "கற்பூரம் கொளுத்தினீங்களா?"

"நேரம் இல்லன்னுட்டாங்கடி."

"நேரம் இல்லையா" என்றாள் அவள். "எங்கம்மா செத்தப்ப அவனுக்கு மூணு வயசு. நான்தான் இடுப்புல தூக்கிக்கினு திரிஞ்சேன். அம்மணமா ஓடுவான், பின்னாடியே ஓடிப் புடிச்சு நான்தான் துணி கட்டி வுடுவேன்." இதைச் சொல்லிவிட்டு மோர்ச் சட்டியை எடுக்க உள்ளே போய்விட்டாள். திட்டியிருந்தால், மண்ணை வாரித் தூற்றியிருந்தால்கூடப் பரவாயில்லை. அதெல்லாம் அவனுக்குப் பழக்கம். இதற்குப் பழக்கமில்லை, பாதிச் சோற்றிலேயே கையைக் கழுவினான்.

ஊர் சுப்பனுக்குப் பேர் வைத்தது. நிக்கர் துரோபதை. கொல்லைக்குப் போனால் கூப்பிட்டார்கள், கடைக்குப் போனால் கூப்பிட்டார்கள். கூப்பிட்டவர்களில் பாதிப் பேர் அவன் அழுததைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டவர்கள். ஜனத்தைப் பற்றி என்ன சொல்வது! ஒரு மாசம் தாங்கினான். அப்புறம் மலைக்கு அந்தப் பக்கம், ரமணாசிரமம் பக்கத்தில் வெளிநாட்டுக்காரர்கள் வாடகைக்குத் தங்குகிற ஒரு வீட்டில் பெருக்கித் துடைத்து, படுக்கை விரிப்பு துவைக்கிற வேலைக்குப் போய்விட்டான். அங்கே அவனை யாருக்கும் தெரியாது.

புரட்டாசி சனிக்கிழமை ஒன்றில் அப்பாதுரை அங்கே போனான். சுப்பன் கொடியில் விரிப்பை உதறிப் போட்டுக்கொண்டிருந்தான். அப்பாதுரை செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் போனான்.

"சுப்பா, தப்பு பண்ணிட்டேன்டா. மன்னிச்சுடு."

சுப்பன் விரிப்பின் சுருக்கத்தை நீவிக்கொண்டே பேசினான். "எங்கிட்ட இன்னாத்துக்குக் கேக்கற? அன்னிக்கு நீ தொட்டது என்னையா? அவளத் தொட்ட. அவகிட்டதான் கேக்கணும்."

"கேக்கறேன்டா. வர்ற பங்குனிக்கு வேஷம் கட்டிக்கினு வா. ஊரைக் கூட்டி வெச்சு, கால்ல விழுந்து கேக்கறேன்."

"நான் இனிமே அந்த வேஷம் கட்ட மாட்டேன்." சத்தம் உயரவில்லை. "கட்டலைன்னா அவ எங்க வருவா? உனக்குக் கேக்கறதுக்கு ஆளே கெடயாது. போய்ட்டு வா."

அப்பாதுரை திரும்பி வந்தான். ஆசைப்பட்ட கிரீடம் காஞ்சிபுரத்திலிருந்து வந்து இறங்கியது. ஜமா பேர் எழுதின புதுப் பெட்டி வந்தது. பங்குனியில் போளூரிலிருந்து வேறொரு துரோபதையைக் கூலிக்குக் கூட்டி வந்தார்கள். நன்றாகவே பாடினான் அந்த ஆள், குறை சொல்ல முடியாது. துகில் கட்டம் வந்தது. அப்பாதுரை கற்பூரம் கொளுத்தினான், விழுந்தான். "தாயே" என்றான். அதற்கு மேல் வரவில்லை. குற்றம் குறை பார்க்காதே என்று யாரைக் கேட்பது? எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது? அப்படியே தரையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கிடந்தான், முதுகு குலுங்கியது. ஜனம் அவன்மேல் சாமி வந்துவிட்டது என்று கன்னத்தில் போட்டுக்கொண்டது. வெட்கம் வந்து நாக்கைப் பிடித்தால் அதற்கும் இங்கே சாமி என்றுதான் பேர்.

அந்த வருஷத்தோடு துச்சாதனன் வேஷத்தை விட்டான். முழங்கால் வலி என்று சொல்லிக்கொண்டான். ஜமாவை விடவில்லை. மற்றவர்களுக்குப் புஜகீர்த்தி கட்டி விடுவான், பெட்டி தூக்குவான், சேலை மடித்து வைப்பான். ஜமா நன்றாக நடந்தது. ஒரு வருஷத்துக்கு அறுபது எழுபது ஆட்டம். சகாதேவன் என்று புதுத் துச்சாதனன் வந்தான், அவனுக்கும் பெண்கள் மண்ணை வாரித் தூற்றினார்கள். அப்பாதுரை திரைக்குப் பின்னால் நின்று, ஒவ்வொரு தடவையும் கற்பூரம் எரிந்து அணைகிற வரைக்கும் கண்ணை எடுக்காமல் பார்ப்பான்.

எண்பத்தைந்தாம் வருஷம். வயசான கலைஞர்களுக்கு மாசாமாசம் எழுபத்தைந்து ரூபாய் உதவி என்று ஒரு திட்டம் வந்தது. நயினார் வாத்தியார் அதற்குள் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். அப்பாதுரைக்கு மனு எழுத உட்கார்ந்தார்.

"இன்னொண்ணு எயுதணுங்க" என்றான் அப்பாதுரை. "சுப்பனுக்கு."

வாத்தியார் பேனாவை வைத்துவிட்டு அவனைப் பார்த்தார். "அவன கேட்டியா?"

"கேட்டேங்க. சரின்னுட்டான்."

கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பான் என்று தெரியும். ஆனால் மாசம் எழுபத்தைந்து ரூபாய் அவன் கைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால், அடுத்தவன் படுக்கை விரிப்பைத் துவைக்க வேண்டியதில்லை, தானும் கொஞ்சம் நிமிர்ந்து நடக்கலாம் என்று ஒரு கணக்கு. வாத்தியார் முத்து முத்தான எழுத்தில் எழுதினார்: பதினாறு ஆண்டுகள் துரோபதை வேடம் ஏற்றவர். சாட்சி, சக கலைஞர் அப்பாதுரை. சுப்பன் கையெழுத்துப் போட வேண்டிய இடம் காலியாக இருந்தது. வாங்கி வருகிறேன் என்று எடுத்துக்கொண்டு போய், மல்லாட்டைக் கொல்லை வரப்பில் உட்கார்ந்து, எழுத்துத் தெரியாதவன் ஆனதால் தன் கட்டைவிரலையே மையில் தோய்த்து அதில் வைத்து, தானே தபாலில் சேர்த்தான். பாருங்கள், கேட்காமல் முந்தானையைப் பிடித்த அதே கை. புத்தி வந்ததா?

விசாரணைக்கு வரச்சொல்லித் தாலுக்கா ஆபீசிலிருந்து இரண்டு பேருக்கும் கார்டு போயிற்று. திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கு வராந்தாவில் முப்பது பேர் காத்திருந்தார்கள். வேலூரிலிருந்து வந்த இளவயசு அதிகாரி ஒருவர் பேர் வாசித்தார். வாத்தியாரும் துணைக்கு வந்திருந்தார். சுப்பன் வந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. வெளுத்த சட்டை, கையில் கார்டு. அப்பாதுரை எழுந்து நின்றான். சுப்பன் அவனைப் பார்த்தும் பார்க்காத மாதிரி மேஜைக்கு முன்னால் போய் நின்றான்.

"நீங்கதானே துரோபதை வேஷம் கட்டினது? எத்தனை வருஷம்?"

"நான் கூத்தாடினதே இல்ல சார்" என்றான் சுப்பன்.

வராந்தா நிமிர்ந்து பார்த்தது. அதிகாரி மனுவைப் புரட்டினார். "இதுல பதினாறு வருஷம்னு இருக்கே. இது உங்க ரேகை இல்லையா?"

"எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும் சார். அது என்னுது இல்ல. எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் துணி தொவைக்கிறவன்."

வாத்தியாரின் முகம் செத்துப்போயிற்று. மெதுவாக அப்பாதுரை பக்கம் திரும்பினார். அதிகாரி குரலை உயர்த்தினார். "சாட்சி யாருய்யா இங்க? அப்பாதுரை! நேர்ல தெரியும்னு எழுதியிருக்கே. அவர் இல்லேன்றார். உங்க ரெண்டு பேருல யார் பொய் சொல்றது?"

அந்த வராந்தாவில் சுப்பனின் துரோபதையைப் பார்த்தவர்கள் பத்துப் பேராவது இருந்திருப்பார்கள். அப்பாதுரை ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாலு பேர் ஆமாம் என்பார்கள். இவனை மாதிரி ஒரு துரோபதை இந்த ஜில்லாவில் பிறக்கவில்லை சார் என்று சொல்லத்தான் நாக்கு துடித்தது. சொன்னால், ஏன் விட்டார், எப்போது விட்டார் என்று அதிகாரி கேட்பார். முப்பது பேர் நடுவில் சுப்பன் மறுபடி அந்த மண்டபத்தில் கையை மார்பின்மேல் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். அப்பாதுரை சுப்பனின் கையைப் பார்த்தான். அது கார்டோடு மெல்ல மார்புப் பக்கம் ஏறிக்கொண்டிருந்தது.

"நான்தான் சார் பொய்" என்றான். உரக்கவே சொன்னான். "அவரு கூத்தாடினதே இல்ல. அது என் கட்டை வெரலு. அவருக்கு ஒண்ணும் தெரியாது. வாத்தியாருக்கும் தெரியாது. எல்லாம் நான் பண்ண திருட்டு வேல."

"பொய் மனு போட்டா உள்ள தள்ளலாம், தெரியுமா உனக்கு? வயசானவனேன்னு விடறேன்." அதிகாரி சுப்பனின் மனுவின் குறுக்கே சிவப்பு மையில் கோடு போட்டார். அடுத்து அப்பாதுரையின் மனுவை எடுத்தார். "இதுவும் பொய்தானே?" என்று அதன்மேலும் கோடு போட்டார். பின்னாலிருந்து யாரோ, "மானங்கெட்டவன், எழுபத்தஞ்சு ரூபாய்க்கு மச்சான் பேர வித்துட்டான் பாரு" என்றார்கள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. வாத்தியார் குடையை எடுத்துக்கொண்டு அவனைக் கடந்து படியிறங்கிப் போனார்.

வெளியே வேப்பமரத்தடியில் சுப்பன் நின்றுகொண்டிருந்தான். அப்பாதுரை தலையைக் குனிந்தபடி தாண்டிப் போகப் பார்த்தான்.

"உன் மனுவும் போயிடுச்சா?" என்றான் சுப்பன்.

"போவட்டும்."

சுப்பன் கார்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். "ஆபீசரு எதிர்க்க நின்னு எனக்காக வாயத் தொறந்தியே. பணம் போனாப் போவுதுன்னு நின்னியே. இத அன்னிக்கே செஞ்சிருக்கலாம் இல்ல? ஏன் செய்யல?"

கோபமாகக் கேட்டிருந்தால் அப்பாதுரை தாங்கியிருப்பான். சுப்பன் நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டான். எட்டு வருஷமாக யோசித்தும் அவனுக்கு விளங்காத ஒன்றை, தெரிந்தவனிடம் கேட்கிற மாதிரி கேட்டான். பதில் வரும் என்று அவன் முகத்தைப் பார்த்தான். அப்புறம் ஆசிரமத்துக்குப் போகிற செங்கம் ரோட்டுப் பக்கம் நடந்தான்.